ஏலத்தில் வரும் வாள்களும் புதுக்குதலின் எல்லையும்

பழைய வாளொன்று ஏலத்தில் கைமாறும்போது, வாங்குபவர் பொருளோடு வரலாற்றுச் சான்றொன்றையும் பெறுகின்றார். அவ்வாளைப் புதுக்கிப் பொலிவுறச் செய்யும் முயற்சியில் அச்சான்று அழியக்கூடும் என்பதையே ஈண்டு நோக்குவோம்.

2023 மே மாதம் இலண்டனில் பொனாம்ஸ் நிறுவனத்தார் நடத்திய ஏலத்தில், திப்பு சுல்தானின் வாளொன்று 1 கோடியே 40 இலட்சம் பவுணுக்கு விலைபோயிற்று. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் படையினர் தளபதி டேவிட் பெயாட்டுக்கு வழங்கிய வாள் அது. வழங்கியமையைக் கூறும் பொறிப்பும் அதில் உண்டு. இப்பொறிப்பு திப்புவின் காலத்ததன்று. எனவே, வாளை ஆதிநிலைக்கு மீட்க விழையும் ஒருவர் அதனை நீக்கவுந் துணியலாம். ஆயின், வாள் கைமாறிய வழிக்கு அதுவே சாட்சியாகும். பிற்காலத்துச் சேர்க்கையும் வரலாறே என்பது இதனாற் புலனாகும்.

அலகின் உலோகமும் அத்தகைய சான்றே. ஐரோப்பியர் ‘வூட்ஸ்’ என வழங்கிய உருக்கு, தென்னிந்தியாவில் மூடிய மட்குகைகளில் ஆக்கப்பட்டது. இலங்கையிலும் இத்தொழில் நிலவியதை ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட நூலிற் பதிவுசெய்துள்ளார். ஏறத்தாழ 1.5 வீதம் காபன் கொண்ட இவ்வுருக்கில், இரும்புக் காபைட்டுத் துணிக்கைகள் நிரைநிரையாய் அமைவதால் அலகின்மேல் நீரலை போன்ற கோலம் தோன்றும். 1795இல் ஜோர்ஜ் பியர்சனும், அவருக்குப்பின் மைக்கேல் பரடேயும் இவ்வுருக்கை ஆராய்ந்தனர்.

இக்கோலம் அறியாதார் கையில் இருவகையாகக் கெடும். அலகைத் தேய்த்து மினுக்கினால் கோலம் மறையும். மென்மையான அமிலப் பூச்சினால் அதனை மீளத் தோற்றுவிக்கலாம். வளைந்த அலகை நிமிர்த்தும் பொருட்டு உலையிலிட்டு மிகையாகச் சூடேற்றின், துணிக்கைகள் கரைந்து கோலம் அடியோடு நீங்கும். முன்னையது திருத்தத்தக்க பிழை. பின்னையது மீட்க இயலாத இழப்பு. தேய்ப்பினால் அழிந்த பொன்னெழுத்தும் அவ்வாறே மீளாது.

ஆகவே, மீளப்பெற முடியாத எதனையும் நீக்கலாகாது என்பதே புதுக்குதலின் எல்லையெனக் கொள்வோம். வாங்கிய நிலையைப் படமெடுத்தல், பரவும் செந்துருவை மட்டும் எண்ணெயிட்டு மெல்ல அகற்றல், கைப்பிடிக்குள் மறைந்த அடித்தண்டின் பழந்துருவைத் தொடாது விடல், செய்த திருத்தங்களை எழுதி ஏலப் பட்டியலோடு வாளுடன் வைத்தல் ஆகியன போதுமானவை. வாளின் ஒளி குன்றினும் குறையில்லை. அதன் வாக்குமூலம் குன்றின், எஞ்சுவது வெறும் இரும்பே.