பழைய டீசல் கார் கிளம்பாமை

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. அழுத்தத்தில் சூடேறிய காற்றே எரிபொருளைப் பற்றவைக்கிறது. காற்று போதிய அளவு சூடாகாவிட்டாலோ, டீசல் வந்து சேராவிட்டாலோ வண்டி கிளம்பாது. எது என்பதைப் புகைக்குழாயே பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றியும் புகையே வராவிட்டால் டீசல் வரவில்லை: அடைபட்ட ஃபில்டர், குழாயில் புகுந்த காற்று, எஞ்சினை நிறுத்தும் அமைப்பில் கோளாறு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். வெண்புகை வந்தால் டீசல் வருகிறது, எரியவில்லை என்று பொருள். ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றினால் வேறெதையும் கழற்றுமுன் பேட்டரியையும் எர்த் கேபிளையும் சோதிப்பது நல்லது.

மெர்சிடீஸ்-பென்ஸ் டபிள்யூ123 (1976–1985) வரிசையின் 240டி இத்தகைய கோளாறுகளுக்கு நல்ல சான்று. அதன் தொடக்ககால வண்டிகளில், கிளம்புமுன் எரியறையைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்குகள் தொடர் இணைப்பில் இருந்தன. ஒன்று எரிந்து அறுந்தால் நான்கும் செயலிழக்கும். பின்னர் வந்த பக்க இணைப்பில் ஒன்று போனாலும் எஞ்சின் நடுங்கிக்கொண்டாவது கிளம்பிவிடும். அதனாலேயே பலர் பழுதைக் கவனிப்பதில்லை. வால்வு இடைவெளி குறைந்து அழுத்தம் கசிவதும் இவ்வண்டிகளில் அடிக்கடி மறக்கப்படும் காரணம். ஃபில்டர் மாற்றியபின் புகுந்த காற்றை வெளியேற்ற, இன்ஜெக்‌ஷன் பம்பை ஒட்டியுள்ள கைப்பம்பு பயன்படும்.