சுரங்க மாவட்டத்தின் வாக்கு

வறியவரின் வாக்கைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைக் கூறுவர். அவ்வாக்கு காசுக்கு விலைபோகும் என்பது ஒன்று. தம் நன்மை இன்னதென்று அறியாமல் அளிக்கப்படுவது என்பது மற்றொன்று. இக்கூற்றுகள் எத்துணைப் பொருந்தும் என்று ஆராய்வதற்கு, அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தைச் சேர்ந்த மக்டவல் மாவட்டம் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

அம்மாவட்டம் மலையும் பள்ளத்தாக்குமாக அமைந்தது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இருப்புப் பாதை வந்தது. அதனைத் தொடர்ந்து நிலக்கரிச் சுரங்கங்கள் பெருகின. தென் மாநிலங்களிலிருந்து கறுப்பினத்தாரும், ஐரோப்பாவிலிருந்து இத்தாலியரும் அங்கேரியரும் பிறரும் பிழைப்பு நாடி வந்தனர். குடியிருந்த வீடு கம்பெனியுடையது. பொருள் வாங்கிய கடையும் கம்பெனியுடையது. அக்கடையில் மட்டுமே செல்லும் காசு வில்லைகளும் பல சுரங்கங்களில் வழங்கின.

தென் மாநிலங்களில் கறுப்பினத்தாரின் வாக்குரிமை பறிக்கப்பட்டிருந்த அக்காலத்திலும், மேற்கு வர்ஜீனியாவில் அவர்கள் வாக்களித்தனர். அடிமைத்தளையை அறுத்த லிங்கனின் கட்சி என்பதால் குடியரசுக் கட்சியையே ஆதரித்தனர். சுரங்க முதலாளிகளும் அக்கட்சியினரே. ஆகவே மாவட்டம் நெடுங்காலம் குடியரசுக் கட்சியின் கோட்டையாக விளங்கிற்று.

1930-களின் பெரும் பொருளாதார வீழ்ச்சி இந்நிலையை மாற்றியது. அதிபர் ரூஸ்வெல்ட்டின் ஆட்சியில், 1933-ஆம் ஆண்டுச் சட்டமும் 1935-ஆம் ஆண்டுச் சட்டமும் தொழிலாளர் சங்கம் அமைக்கும் உரிமைக்கு அரண் செய்தன. அதுவரை கம்பெனிகள் நுழையவிடாத ஐக்கியச் சுரங்கத் தொழிலாளர் சங்கம் அங்கு வேரூன்றியது. கூலி உயர்வையும் பாதுகாப்பையும் கொணர்ந்த சங்கமும், அதற்கு வழிவிட்ட ஜனநாயகக் கட்சியும் தொழிலாளியின் உள்ளத்தில் ஒன்றாயின.

1950-இல் சங்கத் தலைவர் ஜான் லூயிஸ் முதலாளிகளுடன் ஓர் உடன்படிக்கை செய்தார். உயர்ந்த கூலியும் மருத்துவ நிதியும் கிடைத்தன. அதற்கு ஈடாகச் சுரங்கத்தில் இயந்திரங்கள் புகுவதைச் சங்கம் ஏற்றது. வேலை குறைந்தது. 1950-இல் 98,887 ஆக இருந்த மக்கள் தொகை 1960-இல் 71,359 ஆயிற்று. அவ்வாண்டு வாக்குக் கேட்டு வந்த ஜான் கென்னடி அங்கு நிலவிய வறுமையை நேரில் கண்டார். பதவியேற்ற மறுநாளே, தம் முதல் ஆணையால் ஏழைகளுக்கான உணவுப் பங்கீட்டைப் பெருக்கினார். 1961 மே மாதத்தில், முன்னோட்டத் திட்டத்தின் முதல் உணவுச் சீட்டுகள் மாவட்டத்தின் தலைநகரான வெல்ச்சில் வழங்கப்பட்டன.

1976 முதல் 2008 வரை நடைபெற்ற ஒவ்வோர் அதிபர் தேர்தலிலும் மாவட்டம் ஜனநாயகக் கட்சியையே தேர்ந்தது. 2008-இல் கறுப்பினத்தவரான ஒபாமாவும் ஏறத்தாழ 53 விழுக்காடு பெற்று வென்றார். நான்காண்டு கழித்து, 2012-இல், குடியரசுக் கட்சியின் ராம்னி ஏறத்தாழ 64 விழுக்காடு பெற்றார். 2016-இல் டிரம்ப் நான்கில் மூன்று பங்கு வாக்குகளைப் பெற்றார்.

இம்மாற்றத்துக்கு நிறவேற்றுமை மட்டுமே காரணம் எனின், 2008-ஆம் ஆண்டின் முடிவை விளக்க இயலாது. உணவுச் சீட்டு வாக்கை விலைக்கு வாங்கிற்று எனின், 2012-ஆம் ஆண்டின் முடிவை விளக்க இயலாது. சீட்டு பசியைத் தணித்தது, வேலையைத் தரவில்லை. இயந்திரமும் மலிவான இயற்கை எரிவாயுவும் நிலக்கரித் தொழிலைக் குலைத்தபோதிலும், ஒபாமா அரசின் சுற்றுச்சூழல் விதிகளே மக்கள் கண்ணில் பட்டன. சுரங்கம் மீண்டும் திறக்கும் என்றவரை அவர்கள் நம்பினர். கட்சியையும் தொழிலாளியையும் பிணைத்திருந்த சங்கமோ அதற்குள் மெலிந்துவிட்டது.

இன்னுமொன்றும் கருதற்பாலது. 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மாவட்டத்தின் மக்கள் தொகை 19,111 மட்டுமே. 1950-இல் வாழ்ந்தோரில் ஐந்தில் ஒரு பங்கு அளவினரே எஞ்சினர்; வேலை தேடி வெளியேறியோர் தம் வாக்கையும் உடன் கொண்டு சென்றனர். எனவே மாவட்டம் மனம் மாறியது என்பது ஓரளவே உண்மை. மாவட்டமே மாறிவிட்டது என்பதும் உண்மை.

லிங்கன் கட்சியாயினும் ரூஸ்வெல்ட் கட்சியாயினும், உரிமையோ வேலையோ எப்பக்கம் தோன்றியதோ அப்பக்கமே அம்மக்கள் நின்றனர். நம்பிக்கை பொய்த்ததுண்டு, அதனால் அவர்தம் வாக்கு அறியாமையின் விளைவு ஆகிவிடாது. வறியவரின் வாக்கை எடைபோடுவோர், முதலில் அவர்தம் கூலிக் கணக்கைப் படித்தல் வேண்டும்.