ஏரியில் இறங்கிய விமானங்கள்

புழல் ஏரி என்றதும் சென்னைக்காரர்களுக்குக் குடிதண்ணீர் ஞாபகம் வரும். நாமக்கல்காரனான எனக்கு அதுகூட வராது. ஆனால் 1942 முதல் 1945 வரை அந்த ஏரி ஒரு விமான தளமாக இருந்தது தெரியுமா? பிரிட்டிஷ் விமானப்படையின் 240வது ஸ்குவாட்ரன் அங்கேதான் இருந்தது. கேட்டலினா என்ற பறக்கும் படகுகள் ஏரித் தண்ணீரிலிருந்து கிளம்பி, வங்காள விரிகுடாவில் ரோந்து போய்விட்டு, திரும்ப ஏரியிலேயே வந்து இறங்கின.

பறக்கும் படகு என்றால் சாதாரண விமானத்துக்குக் கீழே மிதவை கட்டியது அல்ல. அதன் உடம்பே படகு. 1930களில் பெரிய விமானம் இறங்கத்தக்க ஓடுதளங்கள் ரொம்பக் குறைவு. தண்ணீரோ எங்கும் இருந்தது, காங்கிரீட் செலவும் இல்லை. அதனால்தான் இம்பீரியல் ஏர்வேஸின் படகுகள் ராஜசமந்த் ஏரி, குவாலியர், அலகாபாத், கல்கத்தா என்று நீர்நிலை பார்த்து இறங்கிப் போயின.

இதில் எனக்கு மிகவும் பிடித்த கதை இலங்கையில் நடந்தது. 1942ல் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்ததும் ஆஸ்திரேலியாவுக்கான வான்வழி அறுந்தது. 1943ல் குவாண்டாஸ் நிறுவனம் பெர்த் நகரத்துக்கும் காலிக்கு அருகிலுள்ள கொக்கலை ஏரிக்கும் இடையே கேட்டலினாக்களை ஓட்டத் தொடங்கியது. சுமார் 5,600 கி.மீ., நடுவில் எங்கும் இறங்க முடியாது. 27 முதல் 33 மணி நேரம் வரை ஆகும்! ரேடியோவில் பேசினால் எதிரிக்குத் தெரிந்துவிடும், ஆகவே நட்சத்திரம் பார்த்து வழி கண்டுபிடித்தார்கள். ஒரே பயணத்தில் இரண்டு முறை சூரியன் உதிப்பதைப் பார்க்கலாம் என்பதால் 'இரட்டைச் சூரியோதயம்' என்று பெயர். 1945 வரை 271 முறை கடந்தார்கள். ஒரு விமானம்கூட தொலையவில்லை.

பி.காம் மாணவனாக ஒரு கணக்கு மட்டும் இடிக்கிறது. அவ்வளவு தூரத்துக்கும் எரிபொருள் நிரப்பினால், மிச்ச இடத்தில் ஏறக்கூடியவர்கள் மூன்றே பேர், கூடக் கொஞ்சம் தபால். டீசலை மட்டும் சுமந்துகொண்டு ஓடும் லாரி லாபம் தராது என்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். போர் என்பதால் ஓடியது, அவ்வளவுதான்.

அதே போர்தான் பறக்கும் படகை முடித்தும் வைத்தது. குண்டுவீச்சு விமானங்களுக்காக உலகம் முழுக்க நீளமான ஓடுதளங்கள் போட்டார்கள். போருக்குப் பிறகு அவை எல்லாருக்கும் பயன்பட்டன. கனமான படகு உடம்பும், உப்புத் தண்ணீர் அரிப்பும் வீண் செலவாகிவிட்டன. அமெரிக்காவிடம் இரவலாக வாங்கிய அந்தக் குவாண்டாஸ் கேட்டலினாக்களை ஒப்பந்தப்படி கடலில் மூழ்கடித்தார்கள். படிக்கும்போது மனசு கஷ்டமாக இருந்தது.

இப்போதும் அந்தக் கணக்கு மாறவில்லை. 2020 அக்டோபரில் குஜராத்தில் சபர்மதி ஆற்றிலிருந்து ஒற்றுமை சிலைக்குத் தொடங்கிய கடல் விமான சேவை அடுத்த வருடமே நின்றது. ஓடுதளம் இருந்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. 1993ல் திறந்த நம் சேலம் விமான நிலையம் பல வருடங்கள் விமானமே இல்லாமல் கிடந்தது.

லாபம் பார்க்காதவர்களிடம்தான் அந்தக் காலம் இன்னும் உயிரோடு இருக்கிறது. அமெரிக்காவில் 'சீரே' என்ற இரண்டு பேர் உட்காரும் குட்டிப் பறக்கும் படகைப் பாகங்களாக வாங்கி, வீட்டிலேயே பூட்டிப் பறக்கிறார்கள். இந்தியாவில் விமானி அமோல் யாதவ், மும்பையில் அடுக்குமாடி மொட்டைமாடியிலேயே ஒரு விமானம் கட்டினார். பதிவுச் சான்றிதழ் வாங்க 2017 வரை போராட வேண்டியிருந்தது. அவருடையது தரையில் இறங்கும் விமானம்தான். ஆனால் ஆசை ஒன்றுதான்: விமானம் என்பது டிக்கெட் வாங்கி உட்காரும் இடம் மட்டுமல்ல, கையால் செய்யக்கூடிய பொருளும்கூட.

அடுத்த முறை புழல் பக்கம் போனால், தண்ணீரைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள்.