ஆறு தடுப்புகளின் பயணம்

எண்ணூர் காமராஜர் துறைமுகம் 2001-இல் தொடங்கியதே அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி இறக்கத்தான். அங்கே வரும் கப்பலில் 7 ஹேட்ச் (சரக்கு அறை), ஒவ்வொன்றும் 12,000 டன் பிடிக்கும், வந்த சரக்கு 70,000 டன் என்று வைத்துக்கொள்வோம். இறக்கும் வரிசையைத் திட்டமிடும் நிரலைச் சோதிக்க, ஹேட்ச் வாரியாகச் சமவாய்ப்பு எண்கள் வேண்டும். எண்கள் எப்படி மாறினாலும் கூட்டினால் 70,000 வந்தாக வேண்டும்.

இதற்குக் கைகொடுக்கும் கணக்கு வயதில் மூத்தது. பல பொருள்களில் சிலவற்றை எத்தனை விதமாகத் தேர்ந்தெடுக்கலாம் என்பதற்குப் பொது விதி தந்தவர், 9-ஆம் நூற்றாண்டில் மன்னர் அமோகவர்ஷன் காலத்தில் வாழ்ந்த கணித அறிஞர் மகாவீரர். அவருடைய ‘கணித சார சங்கிரகம்’ 1912-இல், மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் ரங்காசாரியாரின் ஆங்கில மொழிபெயர்ப்போடு சென்னையில் அச்சேறியது.

அந்த நூல் அச்சேறும் முன்பே, 1900-இல் பெர்லினில் இயற்பியலாளர் மாக்ஸ் பிளாங்க், குறிப்பிட்ட அளவு ஆற்றலைப் பல அதிர்விகளுக்குப் பங்கிடும் வழிகளை எண்ணினார். அதற்கு அவர் பயன்படுத்திய சூத்திரத்துக்கு எளிய விளக்கம் 1914-இல் லைடனிலிருந்து வந்தது. இயற்பியலாளர்கள் எரன்ஃபெஸ்டும் காமர்லிங் ஓனஸும் ஆற்றல் துணுக்குகளை வரிசையாக எழுதி, நடுவே தடுப்புகளை வைத்தார்கள். இரண்டு தடுப்புகளுக்கு இடையே இருப்பது ஒரு பங்கு; இரு ஓரங்களில் இருப்பவையும் பங்குகளே. 1924-இல் டாக்காவிலிருந்து சத்யேந்திரநாத் போஸ் ஐன்ஸ்டீனுக்கு அனுப்பிய கட்டுரையின் எண்ணிக்கையும் இதே கணக்கில் வந்து சேர்கிறது.

நிரலுக்கும் அந்தத் தடுப்புகளே போதும். 10-ஐ 3 பங்காக்க 12 இடங்களை வரிசையாக வைத்து, 2 இடங்களில் தடுப்பு போட்டால் ஆயிற்று. பூஜ்யமும் சேர்த்து 66 விதம். ஒவ்வொன்றுக்கும் ஒரே வாய்ப்பு.

அவசரத்தில் பலர் வேறு வழி பிடிக்கிறார்கள். முதல் எண்ணை 0 முதல் 10-க்குள் எடுத்து, மிச்சத்திலிருந்து அடுத்ததை எடுப்பார்கள். அப்போது முதல் பங்கின் சராசரி 5. மற்ற இரண்டுக்கும் இரண்டரை. மூன்று எண்களை எடுத்து மொத்தத்துக்கு ஏற்பச் சுருக்கினால், பங்குகள் நடுவில் குவியும். ஒரே பங்கில் பெரும்பகுதி சேரும் ஓரத்துப் பிரிவினைகள் அரிதாகும். இரண்டிலும் கூட்டல் சரி, பங்கீடு ஒருதலை.

ஹேட்சுக்கு உச்ச அளவும் இருப்பதால் 70,000-ஐ நேரடியாகப் பிரித்தால் பெரும்பாலான பிரிவினைகள் 12,000-ஐத் தாண்டி வீணாகும். ஆகவே காலி இடத்தைப் பிரிக்க வேண்டும். மொத்தக் கொள்ளளவு 84,000, காலி 14,000. அதற்கு 14,006 இடங்களில் 6 தடுப்புகள். ஏதேனும் ஒரு ஹேட்சில் காலி இடம் 12,000-ஐத் தாண்டுவது மிக அபூர்வம். தாண்டினால் அந்தப் பிரிவினையை விட்டுவிட்டு மறுபடி எடுக்கலாம். சமவாய்ப்பு குலையாது.

ஓரத்துப் பிரிவினைகள் வராத சோதனை, சோதனையே அல்ல. நிரல் எழுதுபவர்கள் கூட்டுத்தொகை சரியாக வந்ததும் நின்றுவிட வேண்டாம். 10-ஐ 3 பங்காகப் பல்லாயிரம் முறை பிரித்து, அந்த 66 விதமும் ஏறத்தாழ ஒரே அளவில் வருகின்றனவா என்று எண்ணிப் பாருங்கள்.