641 வகுத்த எண்

2, 4, 16, 256 என்று ஒவ்வொரு எண்ணையும் அதனாலேயே பெருக்கிக்கொண்டு போய், ஒவ்வொன்றோடும் 1 கூட்டுங்கள். 3, 5, 17, 257, 65537 வரும். ஐந்தும் பகா எண்கள். இந்த வரிசை முழுவதுமே பகா எண்கள்தான் என்று 1640-ல் பிரான்சின் ஃபெர்மா நம்பினார். நிரூபணம் இல்லை என்பதையும் மறைக்கவில்லை.

ஆறாவது எண் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. கோல்ட்பாக் 1729-ல் கடிதம் எழுதி ஆய்லரின் கவனத்தை இதன் பக்கம் திருப்பினார். 1732-ல் ஆய்லர் 641-ஆல் வகுத்தார். ஈவு 67,00,417, மீதி பூஜ்யம்.

இதன் பகாக் காரணி எதுவானாலும் 64-ன் மடங்கோடு 1 சேர்ந்ததாகவே இருக்கும் என்று பின்னாளில் அவரே நிறுவினார். அப்படியானால் 193, 257, 449, 577, அடுத்தது 641. ஐந்தே வகுத்தல்! அதற்கு 92 ஆண்டுகள் ஆயின. 65537-க்கு மேல் இந்த வரிசையில் ஒரு பகா எண்கூட இன்றுவரை அகப்படவில்லை.

பென்சில் இருந்தால் நீங்களும் வகுத்துப் பாருங்கள்.