நண்டு நெபுலாவும் வீட்டுத் தொலைநோக்கிகளும்

ரிஷப ராசி மண்டலத்தில் 1054ஆம் ஆண்டு ஜூலை மாதம் தோன்றிய புதிய ஒளியைச் சீன வானியலார் 'விருந்தாளி விண்மீன்' எனக் குறித்துவைத்தனர். அது 23 நாள்கள் பகலிலும், ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் இரவிலும் தெரிந்து மறைந்தது. பெருநிறை விண்மீன் வெடித்துச் சிதறும் இத்தகைய நிகழ்வு சூப்பர்நோவா எனவும், சிதறிய வாயு விரிந்து பரவி உருவாகும் முகில் சூப்பர்நோவா எச்சம் எனவும் வழங்கப்படும். அவ்வெச்சத்தை 1731இல் ஜான் பெவிஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவர் தொலைநோக்கியில் கண்டார். பின்னர் அயர்லாந்தின் ராஸ் பிரபு 1844இல் வெளியிட்ட ஓவியத்தால் அதற்கு நண்டு நெபுலா என்னும் பெயர் நிலைத்தது.

வரைபவரின் கண்ணுக்கும் கைக்கும் ஏற்ப ஓவியம் வேறுபடுமாதலால், நெபுலா காலப்போக்கில் மாறுகிறதா என்பதை அதனால் அறுதியிட இயலவில்லை. அக்குறையைப் போக்கிய முதல் ஒளிப்படம் அரசு வானாய்வகத்தில் எடுக்கப்பட்டதன்று. கட்டடத் தொழிலில் பொருளீட்டியிருந்த ஐசக் ராபர்ட்ஸ், இங்கிலாந்தின் குரோபரோவில் தம் இல்லத்தில் நிறுவியிருந்த 20 அங்குல ஆடித் தொலைநோக்கியைக் கொண்டு 1892இல் எடுத்தது. அதன் பின்னர் இத்துறை மலையுச்சி வானாய்வகங்களின் கைக்கு மாறியது. மவுண்ட் வில்சனில் 1909இலும் 1921இலும் எடுக்கப்பட்ட ஒளிப்படத் தகடுகளை ஒப்பிட்ட ஜான் டங்கன், நெபுலா விரிவதை நிறுவினார். அவ்விரிவைப் பின்னோக்கிக் கணக்கிட்டு, அதனை 1054இன் வெடிப்போடு எட்வின் ஹபிள் 1928இல் இணைத்தார்.

நகர விளக்குகள் வானை வெளிறச் செய்ததாலும், நீண்ட நேரம் ஒளி படும்போது பிலிமின் உணர்திறன் குறைவதாலும், புறநகர் வீடுகளிலிருந்து நெபுலாக்களைப் படமெடுப்பது நெடுங்காலம் அரிதாயிருந்தது. 1969இல் பெல் ஆய்வகத்தில் உருவான, ஒளியை மின்னூட்டமாகச் சேமிக்கும் சிசிடி உணரியும், ஹைட்ரஜன் உமிழும் 656 நானோமீட்டர், ஆக்சிஜன் உமிழும் 501 நானோமீட்டர் போன்ற குறிப்பிட்ட அலைநீளங்களை மட்டும் விட்டுப் பெரும்பாலான தெருவிளக்கொளியைத் தடுக்கும் குறும்பட்டை வடிகட்டியும் அந்நிலையை மாற்றின. குறுகிய நேரத்தில் எடுத்த பல படங்களைக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி காணும்போது, தற்செயலான இரைச்சல் குறைந்து மங்கிய வாயு இழைகள் புலப்படுகின்றன.

சுமார் 6,500 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள இந்நெபுலாவின் வாயு நொடிக்கு ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர் வேகத்தில் விரிவதால், டங்கன் மலையுச்சியில் கண்ட மாற்றத்தைப் பத்தாண்டு இடைவெளியில் எடுத்த இரு படங்களைக் கொண்டு இன்றைய ஆர்வலரும் தம் வீட்டிலிருந்தே அளக்கலாம். ஆதலின், படமெடுத்த நாளையும் கருவியின் விவரங்களையும் குறித்து, மூலக் கோப்புகளை அழியாமல் காப்பது அவர்களின் முதற்கடமையாகும்.