கடை டேட்டாபேஸ் செலவைக் குறைக்கணுமா? ஓப்பன் சோர்ஸ் உண்மையிலேயே இலவசமா?

சிராங்கூன் ரோட்டில் ஒரு மளிகைக் கடை. காசாளர் பார்கோடை ஸ்கேன் செய்கிறார். விலை வருகிறது, கையிருப்பில் ஒன்று குறைகிறது, உங்கள் உறுப்பினர் கணக்கில் புள்ளி ஏறுகிறது. இவை எல்லாம் பதிவாகும் இடம்தான் தரவுத்தளம். நம்ம பேச்சில் டேட்டாபேஸ்.

அதற்கும் காசு போகிறது என்பது பல முதலாளிகளுக்குத் தெரியாது. மென்பொருள் பில்லுக்குள் அது ஒளிந்திருக்கும். வீட்டுக் கடையின் கணக்கைப் பார்ப்பவர் நீங்களா? அல்லது அலுவலகத்தில் "ஐடி தெரிஞ்ச ஆள்" என்று உங்களைத்தான் கூப்பிடுகிறார்களா? அப்படியென்றால் தொடர்ந்து படியுங்கள்.

எவ்வளவு செலவாகும்?

பெரிய நிறுவனங்கள் பயன்படுத்தும் ஆரக்கிளின் உயர்நிலைப் பதிப்புக்கு ஒரு ப்ராசசர் லைசென்ஸின் பட்டியல் விலை 47,500 அமெரிக்க டாலர். ஆண்டுதோறும் ஆதரவுக் கட்டணம் தனி. அது லைசென்ஸ் விலையில் 22 விழுக்காடு.

சிறு கடைகள் அந்தப் பக்கமே போவதில்லை. அவற்றின் கணினியில் பெரும்பாலும் இருக்கக்கூடியது மைக்ரோசாஃப்ட்டின் எஸ்கியூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ். அது இலவசம்தான். ஆனால் 2022 பதிப்பு வரை ஒரு டேட்டாபேஸ் 10 ஜிபியைத் தாண்ட முடியாது. தாண்டும் நாளில் புதிய பில் எதுவும் பதிவாகாது. தீபாவளிக் கூட்டத்தில் அது நடந்தால் எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்! அப்போதுதான் விற்பனையாளர் கட்டணப் பதிப்புக்கு மாறச் சொல்வார்.

உடனே தலையாட்டாதீர்கள். பல நேரம் அந்த 10 ஜிபியை நிரப்புவது பழைய லாக், பொருள்களின் படங்கள், பல ஆண்டுக்கு முந்திய பில்கள். அவற்றை வேறு இடத்துக்கு மாற்றினாலே போதும். 2025 பதிப்பு வரம்பை 50 ஜிபிக்கு உயர்த்தியிருக்கிறது. அதையும் கேட்டுப் பாருங்கள்.

சரி, ஓப்பன் சோர்ஸ்?

ஓப்பன் சோர்ஸ் டேட்டாபேஸை நீங்கள் ஏற்கெனவே பயன்படுத்துகிறீர்கள். உங்கள் கைப்பேசிக்குள் இருக்கும் எஸ்கியூலைட் அந்த வகைதான். கடைகளுக்கு ஏற்றவை போஸ்ட்கிரெஸ், மரியாடிபி, மைஎஸ்கியூஎல்.

போஸ்ட்கிரெஸ் 1986இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆய்வுத் திட்டம். இன்றும் எந்த ஒரு நிறுவனத்துக்கும் சொந்தமில்லை. மைஎஸ்கியூஎல் அப்படியில்லை. சன் நிறுவனத்தை 2010இல் ஆரக்கிள் வாங்கியபோது அதுவும் கைமாறியது. மைஎஸ்கியூஎல்லை உருவாக்கியவர்களில் ஒருவர் அந்த நிரல்களைக் கொண்டே மரியாடிபியைத் தனியாகத் தொடங்கிவிட்டார். லைசென்ஸ் அதை அனுமதிக்கிறது. ஓப்பன் சோர்ஸின் பெரிய பலம் இதுதான். விலையைவிட இதுவே முக்கியம் என்பேன்.

மாறுவது அவ்வளவு சுலபமா?

கடை மென்பொருளை எழுதியவர் ஒத்துக்கொண்டால்தான் மாற முடியும். மாதச் சந்தா கட்டி கிளவுடில் பில் போடும் கடை என்றால் டேட்டாபேஸ் உங்கள் கையிலேயே இல்லை. இந்தக் கேள்வி சொந்தமாக சர்வர் வைத்திருப்போருக்கும், சொந்தமாக மென்பொருள் எழுதும் நிறுவனங்களுக்கும்தான்.

எல்லாமே எஸ்கியூஎல் பேசினாலும் ஒவ்வொன்றின் வட்டார வழக்கும் வேறு. தேதி கணக்கிடும் முறைகூட மாறும். அறிக்கைகளைத் திருத்தி எழுத வேண்டியிருக்கும். தமிழ்ப் பெயர்களையும் கவனியுங்கள். "மிளகாய்த்தூள்" என்பது வெறும் கேள்விக்குறிகளாக வந்தால் எழுத்துருவைச் சந்தேகிக்க வேண்டாம். யூனிகோட் சேமிக்காத கட்டத்தில் தமிழை வைத்திருப்பார்கள். அந்த எழுத்துகள் போனது போனதுதான், புதிய டேட்டாபேஸும் மீட்டுத் தராது.

லைசென்ஸ் கட்டணம் போனாலும் வேலை போகாது. புதுப்பிப்பது யார், ராத்திரி 2 மணிக்கு சர்வர் நின்றால் எழுந்து பார்ப்பது யார்? கிளவுட் நிறுவனத்திடம் அந்த வேலையை ஒப்படைக்கலாம், அதற்கு மாதக் கட்டணம் உண்டு. நம்ம கடைகளுக்கு அதுவே நிம்மதி.

பேக்அப் இருக்கிறதா?

இருக்கிறது என்பார்கள். கிட்லேப் நிறுவனத்திலும் 2017 ஜனவரியில் அப்படித்தான் நினைத்தார்கள். ஊழியர் ஒருவர் தவறான சர்வரில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை அழித்துவிட்டார். ஐந்து விதப் பாதுகாப்பு ஏற்பாடுகளில் எதுவுமே சரியாகக் கைகொடுக்கவில்லை. சுமார் 6 மணி நேரத் தகவல்கள் போயின. மென்பொருளில் கோளாறு இல்லை. பேக்அப்பை யாரும் திறந்து சோதிக்கவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று நம் ஊரிலேயே நடந்தது. 2020 அக்டோபரில் ரெட்மார்ட் வாடிக்கையாளர்களின் 1.1 மில்லியன் கணக்கு விவரங்கள் திருடப்பட்டதாக லசாடா அறிவித்தது. போனது, பயன்பாட்டில் இல்லாத பழைய டேட்டாபேஸ். 18 மாதத்துக்கும் மேல் புதுப்பிக்கப்படாதது. புதிய அமைப்புக்கு மாறியதும் எல்லாரும் மறப்பது இதைத்தான். பழையதை அழிக்கும் தேதியையும் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள்.

வாடிக்கையாளரின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருந்தாலே தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். மீறினால் 1 மில்லியன் வெள்ளி வரை அபராதம். சிங்கப்பூரில் ஆண்டு வருவாய் 10 மில்லியன் வெள்ளியைத் தாண்டும் நிறுவனத்துக்கு அது வருவாயில் 10 விழுக்காடு வரை போகலாம். "விற்பனையாளர்தான் பார்த்துக்கிட்டார்" என்று சொல்லித் தப்ப முடியாது.

சந்தாவோ சொந்த சர்வரோ, கையெழுத்துப் போடுவதற்கு முன் விற்பனையாளரிடம் எழுத்தில் கேளுங்கள்: நான் விலகினால் என் தகவல்களை எந்த வடிவில், எத்தனை நாளில், எவ்வளவு கட்டணத்துக்குத் தருவீர்கள்?